யாருடைய விருப்பம்

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், "பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுட்டா" என்றார்கள். பேரன் பேத்தி பார்த்துவிட்டுப் போன என் அண்ணியைப் பற்றித்தான். வாசலில் வந்து நிற்பவர்களோடு வாதாட முடியாது, தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட மனசில்லை. பாவம் என்ற சொல்லுக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம்.

அவளுக்குக் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் வேலை. இருட்டான ஒரு தடுப்பறை, எதிரே விளக்குப் போட்ட வெள்ளைப் பலகை, அதற்கு முன்னால் நிற்காமல் ஓடும் பெல்ட். கீறல் விழுந்த பாட்டிலையும் கழுத்து கோணலான பாட்டிலையும் கண்ணால் பார்த்தே எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். அது உடைகிற சத்தம்தான் அங்கே பேச்சுத்துணை என்பாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, அம்மா கொடுத்த தண்ணீர் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். வெறும் கைப்பழக்கம். அம்மாவோ, "வந்ததும் வராததுமா நம்ம வீட்டு அழுக்கைத் தேடுறா" என்று முடிவு கட்டிவிட்டாள். அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை.

பிறகு அந்தத் தடுப்பறைகளுக்குக் கேமராக்கள் வந்தன. அவற்றுக்குக் கண் எரியாது, தண்ணீர் குடிக்க எழுந்து போகாது. பிரிவையே மூடப்போவதாகச் சொன்ன அதே வாரத்தில், அண்ணிக்கு நாள் தள்ளிப்போயிருப்பது தெரிந்தது. வயது முப்பத்தெட்டு. மூத்தவள் அப்போது ஆறாம் வகுப்பு.

சமையலறையில் கூடினோம்.

"வேலை இருந்தப்பல்லாம் வராம, போற நேரத்துல வந்து நிக்குது பாரு" என்றாள் அம்மா.

"அது என்ன அத்தை, நம்மகிட்ட நேரம் கேட்டுட்டா வரும்?"

அண்ணன் மருந்துக் கடையில் விற்பனையாளன். எதையும் பொட்டலம் கட்டித்தான் பேசுவான். "இங்க பாரு, என் ஒரு சம்பளத்துல... இப்ப வேண்டாமே."

"எது வேண்டாம்?"

"அதான்."

"அதான்னா எது? வாயைத் திறந்து சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

 அண்ணன் உப்பு டப்பாவை எடுத்து இடம் மாற்றி வைத்தான்.

"உங்களுக்கு இன்னொண்ணு வேணும்னு ஆசை இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா..."

"ஆனா, ஆவன்னாவெல்லாம் அது பொறந்து வந்ததும் அதுக்குச் சொல்லிக் கொடுங்க."

அம்மாவே சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே கோபப்பட்டு, "சோத்துக்கு என்ன வழின்னு கேளுடா" என்றாள்.

வழியை அண்ணி ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். சின்ன வயதிலேயே அவள் அப்பாவின் சரக்கு வேனை ஓட்டிப் பழகியவள். டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி கொடுக்கும் வேலைக்குப் போவதாகச் சொன்னாள்.

"வயித்தை வச்சுக்கிட்டா?" என்றான் அண்ணன்.

"பின்னே, கழட்டி வீட்டுல வச்சுட்டா போக முடியும்?"

தொழிற்சாலையில் கையெழுத்துக்குக் கூப்பிட்ட அன்று என்னையும் அழைத்துப் போனாள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். "வாடி காலேஜு, சுத்தி வளைச்சு எழுதியிருப்பாங்க, நீ நேரா படிச்சுச் சொல்லு" என்றாள். அதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. ஒரே வரி. என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

"யாரோட விருப்பம் சார்?" என்று கேட்டாள் அண்ணி.

பணியாளர் அதிகாரி நல்ல மனிதர்தான். நாற்காலியை அவளுக்காக அவரே இழுத்துப் போட்டார். "அது சும்மா ஒரு வார்த்தைம்மா. எல்லாரும் போட்டுட்டாங்க. நீங்களா விலகினா கூடக் கொஞ்சம் சேர்த்துத் தர்றோம்."

"எனக்கு விருப்பமே இல்லையே. நாளைக்கும் வரணும்னுதான் நினைக்கிறேன். விருப்பம் உங்களுக்கு. அப்ப நீங்கதானே எழுதணும்?"

"நிர்வாகம் அப்படி எழுதாதும்மா."

"ஏன் சார், கை வலிக்குமா?" பிறகு குரலை மாற்றாமல் சொன்னாள்: "நான் முழுகாம இருக்கேன். நானா போனா பேறுகாலச் சம்பளம் கிடையாது. நீங்க அனுப்பினா உண்டு. சும்மா ஒரு வார்த்தைன்னு சொல்லாதீங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

வெளியே வரும்போது, கையெழுத்துப் போட்டு முடித்த ஒருத்தி, "திமிரு" என்றாள் எங்கள் காதில் விழும்படி. அண்ணி திரும்பிப் பார்த்து, "இருக்கு. உனக்கும் கொஞ்சம் தரட்டுமா?" என்றாள். அதற்குப் பிறகும் அவளைக் கூப்பிட்டுப் பேசினார்கள்; நயமாகவும் பேசினார்கள், பயமுறுத்தியும் பார்த்தார்கள். வீட்டில் அண்ணன் சோறு இறங்காமல் அலைந்தான். கடைசியில் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள்: ஆட்குறைப்பினால் நிர்வாகம் வேலையிலிருந்து நீக்குகிறது.

"நல்லாப் பாத்தியா? என் விருப்பம்னு எங்கேயும் இல்லையே?"

"இல்லை அண்ணி."

"சரி. அது எனக்கு வேற இடத்துல வேணும்" என்று வயிற்றின் மேல் பையை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளியை ஊரே பிரேக் சார் என்றுதான் கூப்பிடும். பயிற்சிக் காரில் சொல்லித் தருபவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். இவர் அதிலிருந்து காலை எடுத்ததே இல்லை. அண்ணி பயிற்றுநர் தேர்வில் தேறிய பிறகும் அவர் இழுத்தடித்தார்.

"வயிறு தெரிய ஆரம்பிச்சா, கத்துக்க வர்றவங்க பயப்படுவாங்கம்மா."

"பயப்படட்டும் சார். பயந்தாத்தான் ஒழுங்கா பிரேக் போடுவாங்க."

அவர் சாவியை நீட்டினார். ஆனால் முதல் வாரம் முழுவதும் பின் இருக்கையில் அவரும் உட்கார்ந்து வந்தார். பழக்கதோஷம், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே.

எனக்கும் அவள்தான் கற்றுக் கொடுத்தாள். எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. இருக்கையைப் பின்னால் தள்ளி, காலை நீட்டி, பிரேக் எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காருவாள். ஒருநாள் பெரிய நாற்சந்தி விளக்கில் வண்டி அணைந்து நின்றுவிட்டது. விளக்கு பச்சையாகி மறுபடி சிவப்பானது. நான் கிளப்பக் கிளப்ப அது குலுங்கி அணைய, மறுபடி பச்சை. பின்னாலிருந்த லாரி ஹாரனில் கை வைத்து எடுக்கவேயில்லை. அதன் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, பக்கத்து இருக்கையில் இருப்பவளையும் பார்த்துவிட்டார்.

"வீட்டுல உக்காந்து புள்ளை பெத்துக்க வேண்டியதுதானே! எதுக்கு ரோட்டுக்கு வந்து உசுரை வாங்குறீங்க?"

அண்ணி கைப்பிரேக்கை இழுத்தாள். கதவைத் திறந்து, ஒரு கையால் கூரையைப் பிடித்து, முதலில் வயிறும் பிறகு அவளுமாக இறங்கினாள். இடுப்பில் கை ஊன்றி லாரியின் முன்னால் போய் நின்றாள். ஹாரன் நின்றது.

"பெத்துக்கத்தான் போறேன் அண்ணே, அடுத்த மாசம். அதுவரைக்கும் இதையும் பாக்கிறேன். உங்களுக்கு ஒரு வேலைதான், எனக்கு ரெண்டு. அப்ப யாருக்கு அவசரம்?"

டிரைவர் எதையோ முணுமுணுத்துத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் வண்டிகள் காத்து நின்றன. அண்ணி அவசரப்படாமல் திரும்பி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கைப்பிரேக்கை இறக்கினாள்.

"சாவியைத் திருப்பு. கிளச்சை மெதுவா விடு, காலேஜு. நான் பிரேக்ல காலே வைக்கலை, பாத்துக்கோ."

வண்டி நகர்ந்தது.