ராகு காலத்துக்கு முன் எடுத்த வண்டி

நான் பைக் ஓட்டுகிறவள். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு, ரத்தப் பரிசோதனை நிலைய வேலைக்கு, தினமும் அதில்தான் போய் வருகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

போன மழைக்காலத்துக்கு முன் இரண்டு டயரையும் மாற்ற வேண்டியிருந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டுக்காரர்தான் வண்டியைத் திருப்பாதிரிப்புலியூர் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் வந்து பார்த்தால் புது டயர், குங்குமப் பொட்டு, சக்கரத்தில் ஒட்டியிருந்த எலுமிச்சம்பழத் தோல். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஆலப்பாக்கம் தாண்டி வேகமெடுத்ததும் ஹேண்டில் தடதடவென்று ஆடியது. வண்டி இடது பக்கமே இழுத்தது. பக்கத்தில் ஒரு லாரி உரசுவதுபோல் கடந்தபோது வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஒனக்குதான் கை ஒதறுது. இனிமே பைக் வாணாம், பஸ்ல போ" என்று சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பஸ்ஸில் போவதில் ஒரு குறைச்சலும் இல்லை. கை உதறுகிறவள் என்ற பேரோடு போக மட்டும் என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரையே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து போனேன். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் செயினை இழுத்து வைக்கும் இடத்தில் கோடுகள் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் ஒரு கோடு தள்ளி நின்றது.

"என்ன தம்பி இது?" என்றேன் மெக்கானிக்கிடம்.

"அலைன்மென்ட் பாத்து, வெயிட் ஒட்டித் தரேன்னுதாங்க்கா சொன்னேன். ராகு காலம் பொறக்கறதுக்குள்ள வண்டிய எடுத்தாவணும்னு சார்தான் நின்னாரு."

சார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மெக்கானிக் கோடுகளைச் சேர்த்து முடுக்கினார். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார். ஒவ்வொரு முறையும் கனம் கூடின ஒரே இடம்தான் கீழே வந்து நின்றது. அதற்கு நேர் எதிரே சின்ன ஈயத் துண்டுகளை ஒட்டினார். அப்புறம் சக்கரம் இஷ்டப்பட்ட இடத்தில் நின்றது. இத்தனையும் ராகு காலத்தில்தான் நடந்தது.

வீட்டுக்காரரிடம் கையை நீட்டினேன். சாவி வந்தது.

அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆலப்பாக்கம் தாண்டினேன். அதே இடம், அதே வேகம். ஹேண்டில் இம்மிகூட ஆடவில்லை. என் தோளைப் பிடித்திருந்த கைதான் உதறிக்கொண்டிருந்தது.