ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படம்

மன்னார் நகரத்தில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. கலியாணம், கோயிலில் பிள்ளைகளின் புதுநன்மைப் பூசை, செத்தவீடு எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். பொம்பிளை கமெராவைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள் என்று முதலில் முகம் சுளித்தவர்களும், பெண்கள் இருக்கும் அறைக்குள் போய்ப் படம் எடுக்க ஆள் தேவைப்பட்டபோது என்னிடமே வந்தார்கள்.

அந்த மாரியில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. கடைக் கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தபோது ஒருவர் நனைந்தபடி வந்து வாசலில் நின்றார். பள்ளிமுனைப் பக்கம் கடலுக்குப் போகிறவர், என்னைவிட இளையவர்.

"ஒரு செத்தவீடு அக்கா. இப்ப வர ஏலுமோ?"

"ஆர் தம்பி, அப்பாவோ?"

"இல்லை. என்ர பிள்ளை."

"எத்தினை வயசு?"

"வயசு ஒண்டுமில்லை அக்கா. போன கிழமைதான் பிறந்தது."

கமெராப் பையை எடுத்துக்கொண்டு அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.

சின்ன வீடு. சாரல் அடிக்கிறதென்று ஜன்னலுக்கு வெளியே தறப்பாள் கட்டியிருந்தார்கள். பகல் நேரமென்றாலும் உள்ளே முகம் தெரியாத அளவுக்கு இருட்டு. மேசையில் வெள்ளைப் பெட்டி, அதன் தலைமாட்டில் இரண்டு மெழுகுதிரி. பெட்டிக்குள் தொப்பி போட்ட பெண் பிள்ளை. பக்கத்துக் கதிரையில் தாய் இருந்தாள். பெற்ற உடம்பு, நிமிர்ந்து இருக்கவே கஷ்டப்பட்டாள்.

நான் கமெராவில் ஃபிளாஷைப் பூட்டுவதை அவள் பார்த்தாள்.

"அதை அடிக்காதேங்கோ அக்கா. பிள்ளை திடுக்கிடும்."

அறையில் இருந்த ஒருவரும் அவளைத் திருத்தவில்லை. நான் ஃபிளாஷைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் எடுக்கிறவர்களுக்கெல்லாம் ஒரே தலையிடிதான். போதாத வெளிச்சத்துக்கு ஈடாகக் கமெராவின் உணர்திறனைக் கூட்டினால் படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி விழும். தொழிலில் அதை நொய்ஸ் என்போம். படம் வாங்குகிறவர்கள், மணல் கொட்டினது போல இருக்கிறது என்பார்கள். அதைக் குறைக்க வேண்டுமானால் உணர்திறனைத் தாழ்த்தி, லென்ஸை முழுதாகத் திறந்து, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குக் கமெராவும் அசையக்கூடாது, எடுக்கப்படுகிறவரும் அசையக்கூடாது. உயிருள்ள ஆட்களிடம் இரண்டாவது நடக்காது. கலியாண வீட்டில் ஒருவர் மூச்சை இழுத்தாலே தோள் கலங்கிப்போகும்.

முன்கதவை முழுதாகத் திறக்கச் சொன்னேன். தகப்பனிடம் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கேட்டு வாங்கி, கதவுக்கு எதிர்ப்பக்கம் அதை விரித்துப் பிடிக்கச் சொன்னேன். வெளியே இருந்த மழைக்கால வெளிச்சம் அதில் பட்டு மெல்லத் திரும்பிப் பிள்ளையின் முகத்தில் விழுந்தது. கமெராவை ஸ்டாண்டில் இறுக்கி, விரல் பட்டு ஆடாமல் இருக்க டைமரில் விட்டுவிட்டு விலகி நின்றேன். ஷட்டர் திறந்து, நிதானமாக மூடியது.

திரையில் பெருப்பித்துப் பார்த்தேன். ஒரு புள்ளி கிடையாது. நெற்றியின் பூனைமயிர், காது மடலின் மடிப்பு, ஆசுப்பத்திரியில் மூக்குக் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்டரின் தடம் எல்லாம் தெளிவாக இருந்தன. அப்படிப்பட்ட இருட்டில் அவ்வளவு சுத்தமான படத்தை நான் அதற்கு முன் எடுத்ததில்லை. ஏன் அப்படி வந்தது என்று பிறகுதான் உறைத்தது. திரையை அணைத்துவிட்டேன்.

பிறகு தாய் பிள்ளையை மடியில் வைத்து ஒரு படம் கேட்டாள். முதல் படத்தில் பிள்ளை தெளிவாக இருந்தது. தாயின் தோளும் முகமும் கரைந்துபோயிருந்தன. அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. "அசையாமல் இருங்கோ" என்பது நான் எல்லா வீட்டிலும் நாளுக்கு நூறு தரம் சொல்கிற சொல். அங்கே அது வாயில் வரவில்லை. முழங்கைகளைக் கதிரைக் கையில் ஊன்றச் சொல்லிவிட்டு, உணர்திறனைக் கூட்டி எடுத்தேன். மணல் விழுந்தால் விழட்டும் என்று விட்டேன்.

அடக்கம் முடிந்து சில நாட்களில் அவளே கடைக்கு வந்தாள். கையில் புருஷனுடைய போன். ஆசுப்பத்திரியில் பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபோது அவர் எடுத்த ஒரே படம் அதில் இருந்தது. மங்கல் விளக்கு, மலிவான போன். படம் முழுக்க மணல்.

"உயிரோட இருக்கிற படம் இதுதான் அக்கா. பெருசாக்கித் துப்புரவாக்கித் தாங்கோ."

கொம்பியூட்டரில் போட்டேன். நொய்ஸ் குறைக்கிற செயலிக்கு எது புள்ளி, எது தோல் என்று தெரியாது. புள்ளியோடு சேர்த்துப் பூனைமயிரையும் சுருக்கத்தையும் அது அழித்துவிட்டது. வழவழவென்று ஒரு பொம்மை முகம் திரையில் வந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"இது ஆரின்ர பிள்ளை?"

செய்ததை எல்லாம் நீக்கினேன். சிறிதாக அடித்தால் புள்ளி கண்ணுக்கு அவ்வளவு தெரியாது என்று சொல்லி, உள்ளங்கை அளவில் ஒன்று அடித்துக் கொடுத்தேன். அவள் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

தகப்பன், பெட்டிக்குள் இருந்த பிள்ளையை நான் எடுத்த அந்தத் தெளிவான படத்தைத்தான் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். அதை அவரே பிறகு வந்து சொன்னார். மழை முடிந்து சோளகக் காற்று தொடங்கியிருந்த காலம். கதிரையில் உட்காரச் சொன்னேன், நின்றபடியே கதைத்தார்.

"ஊர்ச் சனம் எல்லாம் நல்ல படம் எண்டுதான் சொல்லுதுகள். இவ மட்டும் கழட்டு கழட்டு எண்டு நிண்டவ. செத்த பிள்ளையை நெடுகப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாதாம். எனக்கு அதைக் கழட்ட மனம் வரேல்லை."

"இப்ப எங்க அவ?"

"வங்காலையில, தாய் வீட்டில. அந்தச் சின்னப் படத்தையும் கொண்டு போயிட்டா. போன் தண்ணிக்குள்ள விழுந்து என்னட்டை இருந்ததும் போயிட்டுது. உங்களிட்டை இருக்குமோ எண்டு பாக்க வந்தனான்."

இருந்தது. திறந்து காட்டினேன். அவர் மேசையில் கையூன்றி வெகுநேரம் பார்த்தார்.

"காலை ஆட்டிக்கொண்டு இருந்தவள் அக்கா. அதுதான் இந்தக் கால் பக்கம் இப்பிடிக் கலங்கிக் கிடக்குது. ரெண்டு மூண்டு தரம் எடுத்துப் பாத்தன், ஒண்டும் சரியா வரேல்லை. மிச்சத்தை அழிச்சுப்போட்டன்."

இரண்டு பிரதி அடித்து உறைக்குள் போட்டேன். ஒன்று போதும் என்று மற்றதைத் திருப்பித் தந்தார். வங்காலைக்குப் போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"போனனான். கதவைத் திறந்தவ. ஒண்டும் கதைக்கேல்லை."

அவர் போன பிறகு அந்த மற்றப் பிரதியை என்ன செய்வதென்று தெரியவில்லை. கிழிக்கவும் முடியாது, கடையில் மாட்டவும் முடியாது. கடைசியில் என் வீட்டு அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். அவள் திரும்பி வந்தாளா என்று நான் பிறகு ஒருவரிடமும் விசாரிக்கவில்லை.