பாலிசியில் வராத கால்

கண்ணுகளா, போன ஆடியில் உங்கள் அம்மாவின் வலது கால் வெந்துபோனது. மாரியம்மன் இருக்கிறாளா என்றே அன்றைக்கு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பக்கவாதத்தில் அம்மாவுக்குப் பேச்சும் வலப்பக்கமும் போன பிறகு, கோயம்புத்தூரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டிருந்தேன். நான் தேங்காய்க் களத்துக்குப் போனால்தான் நம் வீட்டில் அடுப்பெரியும். அங்கே குளிப்பாட்டிய பெண் சூடு பார்க்காமல் வெந்நீரை ஊற்றிவிட்டாள். அம்மாவால் கத்தக்கூட முடியவில்லை.

இல்லத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார்கள். பிறகு ஒருநாள் இல்லத்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார்.

“ஏனுங்க, பாக்க வந்த நீங்க வராண்டாவுல வழுக்கி உழுந்திருந்தா நஷ்டஈடு கெடைச்சிருக்குமுங்க. இது அம்மணியக் குளிப்பாட்டறப்ப ஆனதுங்க. குளிப்பாட்டறது, தூக்கறது, சோறூட்டறது, இதுல ஆவற காயம் பாலிசில வராதுங்க.”

“அப்ப நான் உழுந்திருக்கோணுமுங்களா?” என்றேன். டீ ஆறுது, குடிங்க என்றார்.

குளிப்பாட்டத்தான் அவளை அங்கே விட்டேன். அதற்கு மட்டும் காப்பு இல்லையாம்.

மாரியம்மன் கோயிலில் இரண்டு பூவைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்து வைத்துப் பூக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் வீட்டுக்குக் கூட்டிவருவது, சிவப்பு வந்தால் அங்கேயே விடுவது. சின்னவளே, நீதான் பொட்டலத்தை எடுத்தாய். வெள்ளை. என்னால் தனியாக அவளைத் தூக்கிக் குளிப்பாட்ட முடியுமா என்று பயந்து, நான் சிவப்பைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

கூட்டிவந்தோம். புண் ஆறியது. ஆனால் சொம்பைக் கண்டாலே அம்மா நடுங்கினாள். ஈரத்துணியால் துடைக்க மட்டும்தான் விட்டாள். தாயே, நஷ்டஈடு வேண்டாம், இவளுக்குத் தண்ணீர்ப் பயம் போகட்டும் என்று தினமும் அழுதேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் தீர்த்தத்தை வாளித் தண்ணீரில் கலந்து, முதலில் என் காலில் ஊற்றிக் காட்டினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது கையால் அந்த வெந்த காலைத் தூக்கி முன்னால் வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து ரொம்ப நேரம் திணறினாள்.

“ஊத்துங்க,” என்றாள்.

இப்போது தினமும் அவளைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் களத்துக்குப் போகிறேன். அந்த இல்லத்தின் மேல் கசப்பு இன்னும் போகவில்லை. அதையும் ஆத்தாளிடம் சொல்லித்தான் கும்பிடுகிறேன்.

நாளைக்கு நீங்கள் யாரையாவது அடுத்தவர் கையில் விட்டால், குளிப்பாட்டும்போது காயம் பட்டால் யார் பொறுப்பு என்று முதலில் கேளுங்கள். எனக்குக் கேட்கத் தெரியவில்லை. ஆத்தாளை நம்புங்கள், கண்ணுகளா. குளிப்பாட்டும்போது பட்ட காயம் என்று அவள் தள்ளிவிடவில்லை.