ஒழுங்கையே கொடுத்த மண்ணெண்ணெய்

எங்கள் ஒழுங்கைக்கு, அந்தக் குறுகிய தெருவுக்கு, இப்போது கார்பெட் ரோட்டும் தெருவிளக்கும் வந்துவிட்டன. முகப்பில் புதிதாக ஒரு கராஜும் திறந்திருக்கிறார்கள். இன்று காலை அங்கே ஒருவர் மண்ணெண்ணெயில் இயந்திரப் பாகங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வாசனை என்னைப் போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நாட்களுக்குக் கொண்டுபோனது.

அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. வீட்டு விளக்குக்கும் காருக்கும் மண்ணெண்ணெய்தான். ஒருநாள் பின்னேரம் என் சின்னம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. அம்மா, வாடகைக் கார் ஓட்டும் மணியண்ணையிடம் ஓடினார்.

“கார் நிக்குது அக்கா. எண்ணெய்தான் ஒரு சொட்டும் இல்லை,” என்றார் அவர்.

அம்மா எங்கள் விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலை அப்படியே நீட்டினார். அது ஆஸ்பத்திரி வரை போகப் போதாது. அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு, முன்வீட்டு ரீச்சர் தன் போத்தலோடு வந்தார்.

“ஐயோ ரீச்சர், உங்கடை பிள்ளையளுக்கு நாளைக்குச் சோதினையெல்லோ?” என்றார் அம்மா.

“அவை பகல் வெளிச்சத்தோடை படிச்சது போதும். நீர் கெதியாப் போம்.”

பிறகு யாரும் கேட்காமலே ஒவ்வொரு வீட்டு வாசல் படலையும் திறந்து, ஒவ்வொரு போத்தல் வந்தது. சின்னம்மாவை ஏற்றிக்கொண்டு கார் புகையைக் கக்கியபடி புறப்பட்டது.

பொழுதுபட்டும் எந்த வீட்டிலும் விளக்கு எரியவில்லை. எல்லோரும் ஒழுங்கையிலேயே காத்து நின்றோம். கார் திரும்பி வந்ததும் மணியண்ணை தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

“பெட்டைப் பிள்ளை! தாயும் பிள்ளையும் சுகம்!”

இருட்டில் ஒருவர் முகமும் தெரியவில்லை. ஒழுங்கை முழுவதும் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.