கோஸ் வாசனை

நான் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேனாம். "அடுப்பை அணைச்சேனா?" ஆஸ்பத்திரி நடைவழியில் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, போகிற வருகிற நர்சுகளை எல்லாம் நிறுத்திக் கேட்டிருக்கிறேன். என் கணவர் சேகர் ஒவ்வொரு முறையும் "அணைச்சிட்ட ராஜி" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த நிமிடமே மறுபடி அதே கேள்வி. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு ஞாபகம் இருப்பது வீட்டுக் கதவைப் பூட்டியது. அதற்கடுத்தது, நடைவழி விளக்குகள் தலைக்கு மேலே ஒவ்வொன்றாக நகர்ந்துபோனது. நடுவில் ஒன்றுமே இல்லை.

அப்புறம் ஒரு வாசனை. பச்சைக் கோஸ் இலை வாசனை. மூக்கில் அப்பிக்கொண்டு போகவே இல்லை. வார்டில் எனக்குப் பக்கத்தில் யாரும் கோஸ் சாப்பிடவில்லை என்று நர்ஸ் சத்தியம் செய்தாள்.

நாங்கள் இருப்பது செகந்திராபாத். அறுவை சிகிச்சை செய்த டாக்டர் தெலுங்கில் பேசுவார். இங்கே தமிழில் எழுதுகிறேன். வலது காலில் டிபியல் பிளாட்டோ முறிவு (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் தலைப்பகுதி நொறுங்குவது). தகடும் திருகாணிகளும் வைத்துப் பொருத்தியிருந்தார். தலையில் கன்கஷன் (மூளை குலுங்கிப்போவது). அதனால் ரெட்ரோகிரேட் அம்னீசியா (அடிபடுவதற்குச் சற்று முன் நடந்தவை நினைவில் பதியாமல் போவது).

"விட்டுப்போன அந்த நேரம் திரும்பி வராமலே போகலாம். தேடாதீர்கள் அம்மா" என்றார். கோஸ் வாசனையைப் பற்றிக் கேட்டேன். தலையில் அடிபட்டவர்களுக்கு இல்லாத வாசனை வருவதுண்டு, போகப்போகச் சரியாகும் என்றார்.

தேடாதே என்றால் நான் கேட்கிற ஆளா? அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் கணக்கு சொல்லித்தருகிறவள். விடை வராத கணக்கை மூடிவைத்துவிட்டுத் தூங்குகிற ஜென்மம் நான் இல்லை.

சேகர் சொன்ன கதை இதுதான். தயிர் வாங்க எங்கள் சந்து முனைக்கு நான் தனியாக நடந்து போனேன். ஒரு பைக் வேகமாக வந்து இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. யாரென்று தெரியாது.

அவருக்குத் தெரியாவிட்டால் என்ன, மாடி வீட்டு விஜயாவுக்குத் தெரிந்திருந்தது. "வேற யாரு அக்கா, அந்த சந்துதான்" என்றாள், கிச்சடி கொண்டுவந்து வைத்துக்கொண்டே. பார்த்தாயா என்று கேட்டேன். "பாக்கணுமா? சத்தம் கேட்டேனே!"

சந்து என்பது பின்தெருப் பையன் சந்திரசேகரின் செல்லப்பெயர். பையன் என்ன, இருபத்துநான்கு வயது தடியன். சைலன்சரை மாற்றிவைத்துக்கொண்டு, முன்சக்கரத்தைத் தூக்கியபடி சாயங்காலங்களில் எங்கள் தெருவை இரண்டாகக் கிழிப்பான். கேள்வி கேட்ட பெரியவர் வீட்டு கேட்டில் பீர் பாட்டிலை உடைத்துப்போட்ட கூட்டம் அவனுடையது. நானே எத்தனையோ தடவை பால்கனியில் நின்று கத்தியிருக்கிறேன். அவன் திரும்பிப் பார்த்து ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்குவான். சரியான ரௌடிப்பயல்.

அதனால் அவன் பெயரைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியமே வரவில்லை. சேகரைப் பார்த்தேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

இந்த முறிவோடு வீட்டில் கிடப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லியிருப்பார்கள். எலும்புதான் வலிக்கும் என்று நினைப்பீர்கள். அதைவிட மோசமானது ஒன்று உண்டு, சும்மா இருப்பது. சும்மா கிடக்கிற மனுஷிக்கு வீட்டில் விழுகிற ஒவ்வொரு சத்தமும் தன்னைப் பற்றியதாகத் தோன்றும். நான் கட்டிலில் கிடந்தபடி ஒரு தெருவையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன்.

முதலில் அசோசியேஷன் செக்ரட்டரி. கேட்டில் கேமரா இருக்கிறதே, பார்த்துச் சொல்லுங்கள் என்று போன் செய்தேன். "பாத்தோம் மேடம், அதுல ஒண்ணுமே இல்ல" என்றார். அது எப்படி ஒன்றுமே இல்லாமல் போகும்? அழித்துவிட்டார்! சந்துவின் மாமா கார்ப்பரேட்டருக்கு (வார்டு கவுன்சிலர்) வேண்டியவர், அந்தப் பயம். அடுத்து தயிர்க்கடைக்காரர். நான் அன்று வரவே இல்லை என்று அவர் அடித்துச் சொன்னதாக விஜயா வந்து சொன்னாள். அவரையும் வாயடைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன்.

பிறகு என் தலையையே சந்தேகப்பட்டேன். ஊரெல்லாம் ஒன்றைச் சொல்ல, மூக்கு மட்டும் கோஸ் கோஸ் என்கிறது. தயிர் வாங்கப் போனவளுக்குக் கோஸ் எங்கிருந்து வரும்? புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் போர்வைக்குள் அழுதேன். இனி வகுப்பில் நின்று ஒரு சமன்பாட்டை முழுதாகப் போட முடியுமா என்ற பயம் கால் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தார்கள். விஜயாவின் பேச்சு அங்கேயும் எட்டியிருந்தது. சந்துவின் பைக்கை ஸ்டேஷனில் நிறுத்திவைத்திருக்கிறோம், நீங்கள் வாக்குமூலம் கொடுத்தால் கேஸ் போடலாம் என்றார்கள். ஞாபகமில்லையே என்றேன். "சந்தேகம் இவன் பேர்லதான்னு சொன்னாலே போதும் மேடம்." நடக்க ஆரம்பித்ததும் ஸ்டேஷனுக்கே வந்து எழுதித்தருகிறேன் என்றேன்.

மறுநாள் சந்துவின் அம்மா வந்தாள். தெலுங்கில் அழுதாள். பையனுக்குத் துபாயில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்திருக்கிறதாம். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை பாக்கி. இந்த நேரத்தில் கேஸ் விழுந்தால் எல்லாம் போச்சு. "அன்னிக்கு அவன் வீட்ல ஜுரத்துல படுத்திருந்தான் மேடம்."

"இத்தன வருஷமா அவன் தெருவுல ஆடின ஆட்டத்துக்கு ஜுரம் வரலியா?" என்று கேட்டேன். அப்படியே கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். சேகர் அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஏப்ரல் மாதம். எங்கள் ஊர் வெயில் தெரியும்தானே, சுவரைத் தொட்டால் சுடும். வீட்டில் பனியனோடு திரிகிற மனுஷன் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக்கொண்டு எனக்குக் கஞ்சி ஊட்டுகிறார்.

"இன்னாங்க இது வேஷம்?"

"கொசு ராஜி."

"பட்டப்பகல்ல கொசுவா? ஸ்கூட்டர் எங்க, காணோம்?"

"சர்வீஸ்ல இருக்குது. நக்கோ, இதெல்லாம் இப்போ கைக்கு? நீ சாப்பிடு." எங்கள் குடும்பங்கள் செகந்திராபாத்துக்கு வந்து நாலு தலைமுறை ஆகிவிட்டது. கோபமோ பயமோ வந்தால் இவருக்கு வேலூர்த் தமிழோடு ஊர்ப்பேச்சும் சேர்ந்து வரும்; நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு. அன்றைக்கு வந்தது கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிசியோதெரபி (தசைகளையும் மூட்டையும் பழக்கும் பயிற்சி) ஆரம்பித்தபோது என் சந்தேகமெல்லாம் காலுக்கு இடம் மாறியது. இது என் கால்தானா? தொடை வற்றிப்போய், முட்டி மட்டும் பூசணிக்காய் மாதிரி உப்பியிருந்தது. மடக்கு என்றால் மடங்காது. பயிற்சி கொடுத்த பெண் "இன்னும் கொஞ்சம், ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டே அழுத்துவாள். அவளை நான் திட்டாத திட்டு இல்லை. அவள் அசரவே இல்லை. உங்களுக்கும் வாய்த்தால் தாராளமாகத் திட்டுங்கள், ஆனால் பயிற்சியை மட்டும் விடாதீர்கள்.

வாக்கரைப் பிடித்து அரை எடை ஊன்றலாமா என்று கேட்பதற்காக மறுபடி டாக்டரிடம் போனோம். புது எக்ஸ்ரேயையும் பழைய ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எலும்பு நன்றாகக் கூடிவருகிறது என்றார். பிறகு பேச்சுவாக்கில் கேட்டார்: "வண்டியில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள்?"

"வண்டியா? நான் நடந்து போனேன் டாக்டர்."

அவர் பேனாவால் படத்தில் ஒரு மூலையைக் காட்டினார். எலும்பின் பின்பக்கம், வெளிப்புறம். "இந்த மூலை உடைய வேண்டுமானால் முட்டி மடங்கியிருக்க வேண்டும். நின்றுகொண்டிருப்பவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம். டூவீலரில் உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் இதை நான் அதிகம் பார்க்கிறேன்."

நான் சேகரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

கார் பிடித்து வீட்டுக்கு வந்தோம். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், "சட்டைக் கையை மடிச்சு விடுங்க" என்றேன். அவர் அசையவில்லை. நானே அவர் கையை இழுத்துப் பொத்தானைக் கழற்றினேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்து ஆறி, கருஞ்சிவப்பாகக் கிடந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மார்க்கெட்லேந்து வந்தோம், போவன்பள்ளிலேந்து. யூ டர்ன் பாலத்துக்கு அந்தாண்ட இருக்குது. எல்லாரும் ராங் ரூட்ல போறாங்க, ரெண்டு நிமிஷம்தானேன்னு நானும் விட்டேன். நீ வேணாங்கன்னு சொன்ன."

"நான் சொன்னேனா?"

"ஹவ், சொன்ன. ரெண்டு வாட்டி சொன்ன. நான்தான் கேக்கல."

புடவையில் ஒருபக்கமாக உட்காருகிறவர்களுக்குக் கால் இரண்டும் வண்டியின் இடப்பக்கம் இருக்கும். சரியான பாதையில் போனால் அந்தப் பக்கம் நடைபாதை. ராங் ரூட்டில், அதாவது எதிர்த்திசையில், ஓரமாகப் போனாலோ எதிரே வருகிற வண்டியெல்லாம் அந்தப் பக்கம்தான். கோஸ் மூட்டை ஏற்றிய ஒரு ட்ராலி ஆட்டோ தன் வழியில், தன் பக்கத்தில் வந்திருக்கிறது. முதலில் இடிபட்டது என் முட்டி.

"அவன் நிக்காம போயிட்டானா?"

சேகர் அழுதார். "அவன்தான் ராஜி உன்ன தூக்கினான். மூட்டைய தள்ளிவிட்டு உன்ன ட்ராலில படுக்கவச்சு, ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கொண்டுவந்தான். பேரு கூட கேக்கல நான். எங்க கேஸ் ஆயிடுமோன்னு, போ போன்னு அனுப்பிட்டேன்."

கோஸ்களுக்கு நடுவில் படுத்து வந்திருக்கிறேன். என் மூக்கு பொய் சொல்லவில்லை! எனக்குப் பைத்தியம் இல்லை. வீட்டில் எல்லாரையும்விட உண்மை பேசியது அதுதான். அந்த நொடியில் எனக்கு வந்தது சந்தோஷம் என்றால் நம்புவீர்களா? அதற்குப் பின்னால்தான் கோபம் வந்தது. வந்த வேகத்தில் கையில் கிடைத்த தண்ணீர் பாட்டிலை அவர்மேல் வீசினேன்.

"கால உடச்சது கூட போகட்டுங்க. என் தலையே சரியில்லன்னு நான் அழுதுட்டு கிடந்தேன். பாத்துட்டே இருந்தீங்களே!"

"நீ என்ன விட்டுட்டு போயிட்டா என்ன பண்ணுவேன்னு பயந்துட்டேன்" என்றார். விஜயா சந்துவின் பெயரை எடுத்தபோது, அவன்தான் எப்படியும் கெட்டபெயர் வாங்கியவனாயிற்றே, நாம் ஒன்றும் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாராம்.

மறுநாள் காலை அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனேன். உண்மையில் அவர்தான் என்னை அழைத்துப்போனார், வாக்கரில் நடந்தவள் நான். சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் அவர் முழுதையும் சொன்னார். அவர் பேரில் கேஸ் பதிவானது, அபராதமும் வந்தது. இன்றுவரை அந்த ட்ராலிக்காரரைத் தேடுகிறோம், கிடைக்கவில்லை.

சந்து வீட்டுக்கும் போனோம். சேகர் வாசலிலேயே நின்று கைகூப்பினார். சந்து அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "ஒருத்தர் கூட என்ன கேக்கல ஆன்ட்டி, நீதானா இடிச்சேன்னு" என்றான் தெலுங்கில். அவன் அம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்தான்.

பைக் திரும்பக் கிடைத்த அன்று சாயங்காலமே எங்கள் தெருவில் முன்சக்கரத்தைத் தூக்கினான். நானும் பால்கனிக்கு நொண்டிப் போய், தொண்டை கிழியக் கத்தினேன். துபாய்க்குப் போகும்வரை இரண்டு பேரும் நிறுத்தவில்லை.

முட்டி இப்போது முக்கால்வாசி மடங்குகிறது. தரையில் உட்கார முடியாது. மழைக்கு முன்னால் தகடு இருக்கிற இடம் கனக்கும், விஜயா கொடியில் காயும் துணியை எடுக்கலாமா என்று மாடியிலிருந்து என்னைக் கேட்டுக்கொள்கிறாள். கோஸ் வாசனை போய்விட்டது. போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

விட்டுப்போன அந்த நேரம் மட்டும் வரவே இல்லை. அது என் உடம்பில் நடந்தது, ஆனால் இருப்பது அவரிடம். கேட்டால்தான் கிடைக்கும். நான் அடிக்கடி கேட்கிறேன். சாப்பிடும்போது திடீரென்று, "மார்க்கெட்ல என்ன வாங்கினோம்?" என்பேன். பதில் போன தடவை சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். இதுவரை ஒத்துத்தான் போகிறது. ஆனால் நான் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேனாமே, அது நிஜமா, என்னைச் சமாதானப்படுத்தச் சேர்த்துக்கொண்டதா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

கைத்தடியோடு மறுபடி வேலைக்குப் போகிறேன். மெட்ரோ நிலையம்வரை சேகர் நடந்தே கூட வருகிறார். மெயின் ரோட்டைக் கடக்குமுன் வண்டி வரவேண்டிய பக்கத்தைப் பார்க்கிறேன். பிறகு வரக்கூடாத பக்கத்தை. அப்புறம், என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரின் முகத்தை ஒருமுறை. அதற்குப் பிறகே காலை எடுத்துவைக்கிறேன்.