குறை கிடைக்காத கிட்டார்

பாகலூர் சாலையில் அறையைக் காலி செய்துகொண்டிருந்த மஞ்சுநாத், தன் பழைய கிட்டாரை விற்கிறான் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள் பூங்கொடி. வெகுநாள் ஆசை. ஆனால் கையில் வாங்கியதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். கம்பிகளை ஒவ்வொரு இடமாக அழுத்தி மீட்டினாள். எங்கும் இரைச்சல் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

“அக்கா, பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்வளவு பாக்கமாட்டாங்க. இன்னொருத்தர் வேற வந்துட்டிருக்காரு.”

“இரு தம்பி. ஒரு குறையும் கெடைக்கல.”

“நல்லதுதானே?”

அவளுக்கு அது நல்லதாகப் படவில்லை. ஓசூர் தொழிற்சாலையில் பல்சக்கரங்களைச் சோதிப்பது அவள் வேலை. ஒரு ஷிப்டில் ஒன்றைக்கூடக் குறையுள்ளது என்று ஒதுக்கித் தள்ளாவிட்டால், “தூங்கிட்டியாம்மா?” என்றுதான் சூப்பர்வைசர் கேட்பார். குறை அகப்படவில்லை என்றால் பார்த்தவள் சரியில்லை. அந்தக் கணக்கு வெளியிலும் அவளை விடுவதில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாகக் கிட்டாரைக் கவிழ்த்தாள். பின்பக்க ஓரத்தில் முடி இழை போல ஒரு கீறல். நகத்தை வைத்துப் பார்த்தாள். பாலிஷில் மட்டும்தான், மரத்துக்குப் போகவில்லை.

“இதோ இருக்கு!”

மஞ்சுநாத்தின் முகம் வாடியது. “அப்போ வேணாமாக்கா?”

“யாரு சொன்னா? பையில போட்டுக் குடு,” என்றாள். அன்று முதன்முறையாக அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.