நான்காவது தோள்

கோவில்பட்டிக்குப் போகும் பாசஞ்சர் ரயில், எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றிருந்தது. ஈரத்துண்டு போர்த்திய ஒரு பெரியவர் ஜன்னல் ஜன்னலாக வந்தார். யாரிடம் பேசினாலும் முதலில் கும்பிட்டார். என்னையும் கும்பிட்டார்.

"அண்ணாச்சி, என் வீட்டுக்காரி தவறிட்டா. பாடை தூக்க ஊருல ஆம்பளையாளு மூணு பேருதான் இருக்கோம். ஒரு தோளு குடுப்பீங்களா?"

இறங்கிவிட்டேன். கரிசல் காட்டு வழியாகத் தூக்கிப் போய் எரித்தோம். திரும்பி வந்த தெருவில் வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன.

"பஞ்சு ஏத்த ரயிலு நின்னதாலதான் இந்த ஊரே உண்டாச்சு. அந்த ரயில்லயே ஏறி எல்லாரும் போயிட்டாவ" என்றார். அழவில்லை.

சாயங்கால ரயிலுக்கு ஸ்டேஷன் வரை கூடவே வந்தார். மறுபடியும் கும்பிட்டவர், சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீடு நெறையக் காலியாக் கெடக்கு. குடும்பத்தோட இங்கனயே வந்திருங்களேன்."

விளையாட்டாகக் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. நான் சொல்லாமல் ரயில் ஏறியது அந்த முறைக்காகத்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.